திங்கட்கிழமைத் தண்ணீர்

நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு விடியற்காலை என்று ஒன்று கிடையாது. ஊரே எழுந்து முகம் கழுவுகிற நேரத்தில் நமக்குக் கண் செருகிக்கொண்டு வரும். கம்பெனி பஸ்ஸின் கண்ணாடியில் தலையைச் சாய்த்தால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகள் எல்லாம் எழுந்து மெதுவாகப் பின்னால் நடந்துபோகும். ஏரியில் பனி கிடக்கும். பனிக்குள் கொக்குகள் நிற்கும், அவற்றுக்குக் கால் இருக்காது. எது கண்ணால் கண்டது, எது தூக்கத்தில் கண்டது என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆறு வருஷமாக என் காலைகள் இப்படித்தான் போகின்றன.

ஆனால் ஒன்று. கிணற்றுக்குள் நான் எண்ணிய எண்ணிக்கை மட்டும் தூக்கத்தில் எண்ணியது கிடையாது. அப்படிச் சொல்கிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவேன். கேட்டும் இருக்கிறேன்.

என் பெயர் சுகிர்தா. எருக்கம்பேடு காலனி. இரும்புச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் கழுவும் லைனில் வேலை. எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிற பாகங்களைத் தொட்டித் தண்ணீரில் அலசி எடுத்து, கேஜ் வைத்து அளந்து, ரிஜிஸ்டரில் எழுதவேண்டும். கேஜ் என்ன காட்டுகிறதோ அதை எழுத வேண்டும், நம் மூளையை அதில் கலக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். "அடிச்சதும் தெரியணும், அடிச்சவளும் தெரியணும்" என்பாள் எங்கள் லைன் லீடர் கிறிஸ்டினா. அந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினாலும் அப்படித்தான் அடிப்பேன்.

எங்கள் கொல்லையில் நின்றால் கம்பெனியின் தண்ணீர் டேங்க் தெரியும். வயல் வழியே நடந்தால் பத்து நிமிஷம். ஆனால் பெண்கள் நைட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் வரவேண்டும் என்று விதி. பஸ் ஏழு ஊர் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஓடும். அந்த முக்கால் மணி நேரத் தூக்கத்துக்காகவே நான் விதியை மதிக்கிறேன்.

போன செப்டம்பரில், ரேஷன் கார்டில் என் வீட்டுக்காரர் தாவீதின் பெயரைத் தாவிது என்று அடித்திருந்ததைத் திருத்த இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து அறையில் கூட்டம். சென்னையில் ஏதோ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து காயத்ரி என்ற பெண் வந்திருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கையை மேலே தூக்கிக் கீழே இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மரத்தோட நுனியிலேருந்து அடியில இருக்கற பாறை வரைக்கும், இதுதான் பூமியோட தோலு. மழை, வேரு, மண்ணு, கிணத்துத் தண்ணி எல்லாம் இதுக்குள்ளதான் நடக்குது. இத நாங்க மட்டும் சென்னையில உக்காந்து பார்த்தா பத்தாது. இங்க வாழறவங்க தினமும் பார்க்கணும். பார்த்து எழுதணும்."

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. கதவோரமாக நின்று கேட்டேன். இங்கிருந்து பெரியபாளையம் வரைக்கும் பதினான்கு கிணறுகள் பட்டியலில் இருந்தன. பதினான்கும் பட்டா நிலக் கிணறுகள். பதினான்கு பேருக்கும் ஆளுக்கொரு டேப் கொடுத்தார்கள், அதன் நுனி தண்ணீரைத் தொட்டால் கீ என்று சத்தம் போடும். எங்கள் ஊர்ப் பரசுராமன் நைனா தன் டேப்பை மடியில் வைத்து ஒரு தரம் தடவிப் பார்த்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் அவருக்கு எட்டு ஏக்கர் நஞ்சை. ஊர்ப் பெரியவர்களை எங்கள் பக்கம் நைனா என்றுதான் கூப்பிடுவது.

"எங்க காலனிக் கெணறு இன்னா பாவம் பண்ணுச்சி?" என்று கேட்டேன்.

எல்லாரும் திரும்பினார்கள். நைனாதான் பதில் சொன்னார். "அது பொறம்போக்கும்மா. ஃபாரத்துல ஓனர் கையெழுத்துக் கேக்கறாங்க பாரு. அதுக்கு யாரு ஓனரு?"

"குடிக்கிறவங்கதான் ஓனரு நைனா. எம்பது ஊட்டுக்காரங்களையும் இட்டுக்கினு வரவா, கையெழுத்துக்கு?"

காயத்ரி சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்துப் பார்த்தாள். 'கிணற்று உரிமையாளர்' என்று இருந்த இடத்தை ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

டேப் தீர்ந்துபோயிருந்தது. "பரவால்ல, நான் உறை எண்ணி எழுதறேன்" என்றேன். எங்களுடையது உறைக் கிணறு. சிமெண்ட் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டியது, ஒவ்வொரு வளையமும் ஓர் அடி. மேலேயிருந்து எத்தனை உறை தெரிகிறது என்று எண்ணினால் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரிந்துவிடும். காலனியில் யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்குத்தான் சொல்வார்கள். கிணற்றை அடியிலோ மீட்டரிலோ சொன்னால் யாருக்கும் புரியாது. காயத்ரி சரி என்றாள்.

படிவத்தின் தலைப்பில் என் பெயருக்கு நேராகப் 'பார்வையாளர்' என்று அச்சடித்திருந்தது. பார்வையாளர் என்றால் ஆஸ்பத்திரியில் நாலு மணிக்கு மேல் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போகிறவர். தாவீது அதை வைத்து என்னை ஒரு வாரம் ஓட்டினார். அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், மூன்று நாளைக்கு ஒரு தரம்தான் வீட்டுக்கு வருவார். வருகிறபோதெல்லாம், "இன்னாம்மா பார்வையாளர், கெணறு சௌக்கியமா? டாக்டர் இன்னா சொன்னாரு?" என்பார்.

கிணறு சௌக்கியமாகத்தான் இருந்தது. தினமும் காலை ஏழேகாலுக்கு பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகக் கிணற்றடிக்குப் போவேன். நாஷ்டா டப்பாவின் மூடியை வெயிலுக்குக் காட்டி, அதில் விழுகிற வெளிச்சத்தைக் கிணற்றுக்குள் திருப்புவேன். ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிச்சம் உறை உறையாகக் கீழே இறங்கும். ஒன்று, இரண்டு, மூன்று. இறங்க இறங்க எனக்கும் உடம்பு லேசாகிக்கொண்டே போகும். சுற்றிலும் மேல் மண், அதற்கு அப்பால் சவுடு, அதற்குக் கீழே களி, ஈர மணல், எங்கோ அடியில் பாறை. பூமியின் தோலுக்குள் நான் இறங்கிக்கொண்டிருக்கிறேன், மேலே நின்றுகொண்டிருப்பவள் வேறு யாரோ என்று தோன்றும். கடைசியில் வெளிச்சம் தண்ணீரைத் தொட்டுத் திரும்பி என் முகத்தில் ஆடும். எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் விழுவேன்.

அந்தத் தூக்கத்தில் கனவு வரும். கனவில் கிணறு மூச்சு விடும். ஆறு நாள் மூச்சை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டே இருக்கும், ஏழாம் நாள் விடும். எழுந்ததும் யாரிடமும் சொன்னதில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களே.

திங்கட்கிழமை மட்டும் விஷயம் வேறு. கம்பெனிக்கு ஞாயிறு விடுமுறை. காலை ஆறரைக்கு இழுத்து மூடினால் திங்கள் ஆறரைக்குத்தான் திறப்பார்கள். அதனால் திங்கட்கிழமை காலையில் மட்டும் நான் வீட்டில் தூங்கி எழுந்த முகத்தோடு, தலைகூட வாராமல் கிணற்றடிக்குப் போவேன். வாரத்தில் அன்று ஒரு நாள்தான் நான் முழுசாக விழித்திருப்பது.

ஏழு மாதம் ஓடியது. இருநூற்றுப் பன்னிரண்டு நாள், ஒரு நாள் விடவில்லை. ஜுரத்தோடு போயிருக்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று புதுப் புடவையோடு போயிருக்கிறேன்.

ஏப்ரலில் காயத்ரி வந்தாள். முகம் சரியில்லை. உட்காரச் சொன்னதும் உட்காராமல் லேப்டாப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். பதினைந்து கிணறுகளுக்கும் பதினைந்து கோடுகள். பரசுராமன் நைனாவின் கோடு மழையில் ஏறி வெயிலில் இறங்கி அழகாகப் போனது. என்னுடையது குண்டும் குழியுமாக இருந்தது.

"அக்கா, இங்க பாருங்க. ஜனவரி பதினொண்ணாம் தேதி ஒரே ராத்திரியில ரெண்டடி இறங்குது. அப்படி எந்தக் கிணறும் இறங்காது. அப்புறம் இது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு அடி, ஒண்ணேகால் அடி ஏறுது. புதன்கிழமைக்குள்ள மறுபடி கீழ போயிடுது. பிப்ரவரிக்கு அப்புறம் எல்லா வாரமும் இப்படித்தான்."

"ஆமா. நானும் பாத்தேன். அதான எழுதியிருக்கேன்."

அவள் தயங்கினாள். "எங்க சார் ஆதிகேசவன் கேட்டாரு, திங்கட்கிழமை அவங்களுக்கு ஷிப்ட் கிடையாதேன்னு. ஒருவேளை அன்னிக்கு வீட்டுலேருந்தே..."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"படுத்துக்கினே எழுதிட்டேன்றாரா உங்க சாரு?"

"அவர் அப்படிச் சொல்லல அக்கா. இந்தக் கிணத்தோட டேட்டாவ மட்டும் எடுத்துடலாம்னு சொல்றாரு. மொத்தத்தையும்."

"எட்து எங்க போடுவீங்க? குப்பையிலயா? இருநூத்திப் பன்னண்டு நாளும்மா. நான் பொய் சொல்றவன்னு எழுதிட்டுப் போறதும் இதுவும் ஒண்ணுதான். எனக்கு ஒண்ணும் நீங்க டப்பு குடுக்கல. நான் கேக்கவும் இல்ல. எழுதினத நம்புங்க, அவ்ளோதான் கேட்டேன்."

காயத்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. டீகூடக் குடிக்காமல் போனாள். கோபத்தில் நான் அந்த டீயை எடுத்து வாசலில் ஊற்றினேன். அப்புறம் அதற்கும் வருத்தப்பட்டேன்.

சாயங்காலம் மனசு கேட்கவில்லை. கிணற்றடிக்குப் போய் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜனவரி பதினொன்று. ஒரே ராத்திரியில் இரண்டடி. கிணறு அப்படி இறங்காது என்று எனக்கும் தெரியும். அப்படியென்றால் நான் என்னதான் பார்த்தேன்? கையின் கீழே சிமெண்ட் வழவழப்பாக இருந்தது. குனிந்து பார்த்தேன். மேலே இருந்த இரண்டு உறைகளும் வெள்ளையாக இருந்தன. அவற்றுக்குக் கீழே இருந்ததெல்லாம் பாசி ஏறிக் கருத்துக் கிடந்தது.

தூக்கிவாரிப் போட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஹெலன் வீட்டு ஆடு கிணற்றில் விழுந்து செத்தது. காலனிப் பையன்கள் பொங்கலுக்கு முன்னால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இரண்டு புது உறை வாங்கி மேலே ஏற்றினார்கள். சிமெண்ட்டைத் தரையெல்லாம் சிந்தினார்கள் என்று அவர்களைத் திட்டியதே நான்தான். மறுநாள் காலையில் வந்து, தலையில் முளைத்த இரண்டையும் சேர்த்து எண்ணி எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். தண்ணீர் இறங்கவில்லை. கிணறுதான் வளர்ந்திருக்கிறது. கேஜ் காட்டுவதை எழுது, மூளையைக் கலக்காதே என்று ஆறு வருஷம் பழகியதன் பலன் இது.

எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைக்கத்தான் செய்தேன். ஒரு தப்பை ஒப்புக்கொண்டால் மற்றதையும் தப்பு என்றுதானே சொல்வார்கள். அன்று வீட்டுக்கு வந்திருந்த தாவீது, "உட்டுத் தள்ளு. ஏன் இந்தப் பேஜாரு உனக்கு?" என்றார். ஆனால் அந்த இரண்டு வெள்ளை உறைகளும் கண்ணுக்குள்ளேயே நின்றன. நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஜனவரி பதினொன்றிலிருந்து ஒவ்வொரு வரியையும் ஒரு கோடு போட்டு அடித்து, இரண்டு கழித்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொண்ணூற்று எட்டுக் கோடு, தொண்ணூற்று எட்டுக் கையெழுத்து. முடித்துவிட்டுக் காயத்ரிக்குப் போன் போட்டேன்.

"ஜனவரி என் தப்பு. திங்கட்கெழம என் தப்பு இல்ல. உங்க சார இட்டுக்கினு ஒரு திங்கட்கெழம வாங்க. கண்ணால பாக்கட்டும்."

அவர்கள் வந்தார்கள். அடுத்த திங்கட்கிழமையே வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நான் வேகமாக நடக்கும்போது கிணற்றடியில் காயத்ரியும், கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவரும் நின்றிருந்தார்கள். அவர்தான் ஆதிகேசவன். சத்தமாகப் பேசாத மனிதர். உயர்ந்த குரலை எதிர்பார்த்துத் தயாராக வந்த எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

மூடியைக் காட்டி வெளிச்சத்தை இறக்கினேன். பதினைந்து உறை. புதுசு இரண்டைக் கழித்தால் பதிமூன்று. சனிக்கிழமையும் பதிமூன்றுதான்.

மறுபடி எண்ணினேன். அவரும் எண்ணினார். காயத்ரி கொண்டுவந்த டேப்பை இறக்கினாள், அது கீ என்று கத்தியது. புது உறைகளின் இரண்டடியைக் கழித்தால் அதுவும் பதிமூன்று அடி. ஒரு விரல்கூட ஏறவில்லை.

"பரவாயில்லம்மா" என்றார் ஆதிகேசவன். "தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். நீங்க ஜனவரியத் திருத்தினதே பெரிய விஷயம்."

பரவாயில்லை என்று சொன்னதுதான் என்னைக் குத்தியது. பொய் சொன்ன குழந்தையிடம் அப்படித்தான் பேசுவார்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினேன். காயத்ரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, திங்கட்கிழமை வீட்டுலேருந்துதான வருவேன்னு சொன்னீங்க?"

"இந்த வாரம் ஞாயித்துக்கெழம வேல வெச்சிட்டாங்க. புதங்கெழம கரண்ட்டு கட்டாம், பராமரிப்பு வேலையாம். அதுக்குப் பதிலா அன்னிக்கி லீவு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அவர்களை வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

பாயில் விழுந்தேன். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. ஓடு போட்ட கூரையில் ஒரு ஓட்டை வழியாக வெளிச்சம் வட்டமாக விழுந்து சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. எண்ணினேன். ஒன்று, இரண்டு. வெளிச்சம் இறங்கியது. நான் கிணற்றுக்குள் இருந்தேன். அடியில் தண்ணீர் இல்லை. ஈர மணலில் காலடித் தடம் இருந்தது, பக்கவாட்டில் களிக்கு அடியில் நடந்துபோயிருந்தது. பின்னாலேயே போனேன். குளிர்ச்சியாக இருந்தது. தலைக்கு மேலே வேர்கள் தொங்கின, வயல்கள் மேலே எங்கோ இருந்தன. பத்தே நிமிஷம். பஸ் சுற்றுகிற ஏழு ஊர் எதுவும் வரவில்லை. சட்டென்று ஒரு குழாயின் சத்தம் கேட்டது, எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். நான் கழுவும் லைனில் நின்றிருந்தேன், தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. என் கழுத்தில் அட்டை தொங்கியது. தண்ணீருக்கும் ஓர் அட்டை இருந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். பாதி தூக்கத்தில் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மூடினால், பூமிக்கு அடியிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் உறிஞ்சுகிற அதன் பம்ப்பும் நிற்கும். பம்ப் நின்றால் தண்ணீர் ஊறும். திங்கட்கிழமை நான் பார்ப்பது அந்த ஊற்று. நேற்று கம்பெனி ஓடியது. அதனால் ஊறவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு திங்களும் உண்மை. இன்றைக்கு ஏறாததும் உண்மை.

நான் லீவில் இருந்தால் தண்ணீரும் லீவில் இருக்கிறது. நான் ஷிப்டுக்குப் போனால் அதுவும் போகிறது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. வாய் விட்டு அழுதேன். ஆறு வருஷமாக அந்தத் தொட்டிக் குழாயைத் திறந்து மூடுகிறவள் நான்தான். என் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு, காலையில் ஓடி வந்து அது எங்கே போயிற்று என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காயத்ரிக்குப் போன் போட்டேன். "திங்கட்கெழமைய மறந்துருங்க. வியாழக்கெழம காலைல ஆறரைக்கு வாங்க. புதங்கெழம கம்பெனி மூடியிருக்கும். இப்பவே எழுதி வெச்சிக்கோங்க, தண்ணி ஏறும்."

"அக்கா" என்றாள் காயத்ரி, "இது எனக்குத் தோணவே இல்ல." 

தாவீதிடம் சொன்னபோது அவர் கிண்டல் பண்ணவில்லை. "வேலைக்கு வேட்டு வெச்சிக்கப் போற" என்று மட்டும் சொன்னார். போனால் போகட்டும் என்றேன். ஆனால் புதன்கிழமை ராத்திரி முழுக்க நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். ஏறாவிட்டால் என் இருநூற்றுப் பன்னிரண்டு நாளும் குப்பைக்குத்தான்.

வியாழக்கிழமை வெயில் வருவதற்கு முன்னாலேயே போய் நின்றேன். காயத்ரியும் ஆதிகேசவனும் வந்தார்கள். கூடப் பரசுராமன் நைனாவும் தன் டேப்போடு வந்திருந்தார், காயத்ரி சொல்லியிருப்பாள்போல. அவர் வயசுக்கு எங்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

ஏரிக்கு மேலே சூரியன் எழும்பியது. மூடியைத் திருப்பினேன். வெளிச்சம் வெள்ளை உறை இரண்டையும் கடந்து பாசிக்குள் இறங்கியது. அங்கிருந்து நான் வாய்க்குள் எண்ணினேன், நைனா வெளியே எண்ணினார். பதினொன்றைத் தாண்டி, அடுத்த உறையில் முக்கால்வாசி போவதற்குள் வெளிச்சம் உடைந்து எங்கள் நாலு பேர் முகத்திலும் ஆடியது.

"பதினொண்ணே முக்கா" என்றார் நைனா.

டேப் கத்தியது. புதுசு இரண்டைக் கழித்தால் அதுவும் அதையே சொன்னது. ஒன்றேகால் அடி ஏறியிருந்தது.

ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வியாழக்கிழமைய வெச்சு எல்லாத்தையும் நிரூபிக்க முடியாதும்மா" என்றார். "இன்னும் நிறைய நாள் பார்க்கணும். ஆனா இந்தக் கிணத்த எடுக்கணும்னு நான் சொன்னது தப்பு." பிறகு என் நோட்டைக் கேட்டு வாங்கினார். தொண்ணூற்று எட்டுக் கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பையிலிருந்து தன் காகிதத்தை எடுத்தார். அதில் 'கிணறு 15: நீக்கவும்' என்று இருந்தது. அதை ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினார். நோட்டைத் திரும்ப வாங்கி, அன்றைய எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மே இரண்டாம் வாரத்திலிருந்து பதினைந்து பேருக்கும் புதுப் படிவம் வந்தது. பார்வையாளர் என்பது போய் 'அளப்பவர்' என்று வந்திருந்தது. கடைசியில் ஒரு புதுக் கட்டம்: 'அருகிலுள்ள கம்பெனி இன்று வேலை நாளா, விடுமுறையா?' அதை எப்படி நிரப்புவது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. வயல் வைத்திருக்கிறவர்களுக்குக் கம்பெனி லீவு எங்கே தெரியும். காயத்ரி படிவத்தின் அடியில் என் போன் நம்பரை அச்சடித்துவிட்டாள்.

புதுப் படிவம் வந்த முதல் நாள் சாயங்காலம் நைட் ஷிப்டுக்கு டப்பா கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பரசுராமன் நைனா. அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறையாக வந்துகொண்டிருந்த கேள்வி ஒன்றுதான். நாளைக்கு ஆள் உண்டா. நடவென்றாலும் அதுதான், அறுப்பென்றாலும் அதுதான். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தேன்.

"ஏம்மா சுகிர்தா," என்றார் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தக் கட்டத்துல எழுதணும். இன்னிக்கிக் கம்பெனி உண்டா?"

ஜன்னலுக்கு வெளியே டேங்க்கின் மேல் விளக்கு போட்டுவிட்டார்கள். மூடியை டப்பாவின் மேல் வைத்து அழுத்தினேன்.

"உண்டு நைனா," என்றேன். "நானும் போறேன். தண்ணியும் போவுது."